மணி ஓயும்வரை

புனித பிளேசியார் உயர்நிலைப் பள்ளி என்று கேட்டால் அம்பத்தூரில் யாருக்கும் வழி தெரியாது. வாசல் வளைவில் அந்தப் பெயர் சிமெண்டில் எழுதியிருக்கிறது என்பதே எங்களில் பலருக்கு எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் வாங்கும்போதுதான் தெரிந்தது. மணி ஸ்கூல் என்று கேட்டால் போதும். மேனாம்பேட்டிலிருந்து கள்ளிக்குப்பம் வரை எந்த ரிக்‌ஷாக்காரரும் பேரம் பேசாமல் கொண்டுவந்து விடுவார்.

பள்ளியைவிட மணிக்கு வயது அதிகம். பிரான்சில் ஏதோ ஒரு கிராமத்துக் கோவிலில் தொங்கிக்கொண்டிருந்த மணி அது. அந்தக் கிராமத்துக்குப் பெரிய மணி வந்ததும் சின்னதை ஒலிவியே என்ற இளம் பாதிரியாரிடம் கொடுத்துக் கப்பலேற்றிவிட்டார்களாம். கப்பலிலிருந்து இறக்கும்போது விளிம்பில் ஒரு சில்லு உடைந்தது. அதனால் அதன் ஓசையின் கடைசியில் மெல்லிய கரகரப்பு இருக்கும், தொண்டை கட்டியவர் பாடி முடிப்பதுபோல. 1926-ல் ஏரிக்கரையில் பனையோலைக் கொட்டகை போட்டு, அதன் முன்னால் இரண்டு பனைமரத் தண்டுகளை நட்டு, நடுவில் மணியைக் கட்டினார் ஒலிவியே. ஊர்க்காரர்கள் அவரை ஒலிவர் சாமி என்றார்கள். அவரும் கடைசிவரை திருத்தவில்லை.

நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லா ஊர் மாதா கோவில்களிலும் மூவேளை செபத்துக்கு மணி அடிப்பார்கள். மூன்று அடி, ஓர் இடைவெளி, மூன்று அடி, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று அடி, பிறகு நிறுத்தாமல் கொஞ்ச நேரம். எங்கள் பள்ளியில் மட்டும் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. மணி தொடங்கும்போது எங்கே இருக்கிறோமோ அங்கேயே நிற்க வேண்டும். படியில் ஒரு கால் வைத்திருந்தால் அந்தப் படியில். தண்ணீர்க் குழாயில் குனிந்திருந்தால் குனிந்தபடி. கிறிஸ்தவப் பிள்ளைகள் தலை தாழ்த்திக் கண்ணை மூடிச் செபம் சொல்வார்கள். மற்றவர்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா நின்றால் போதும். கடைசி அடியின் கரகரப்பு ஓயும்வரை யாரும் அசையக்கூடாது.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் இருந்தன. மணியடிக்கும் துலுக்கானத்தின் அப்பா முதல் வருஷத்து மாணவர். அவர் சொல்லிவிட்டுப் போனது இது: பெஞ்சு இல்லாத அந்தக் கொட்டகையில் நிலம் வைத்திருந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கரும்பலகைப் பக்கம் உட்கார்ந்தார்கள். சூளைக்காரர்கள் பிள்ளைகள் நடுவில். சேரிப் பிள்ளைகள் வெயில் விழும் ஓரத்தில். ஒலிவர் சாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் போதவில்லை. ஒருநாள் பிள்ளைகள் எல்லாரும் தண்ணீர்ப் பானைக்கு முட்டிமோதி ஓடும் நேரம் பார்த்து மணியைப் பிடித்து இழுத்தார், அவரவர் நின்ற இடத்தில் நிற்கச் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரம் யார் தோளுக்குப் பக்கத்தில் யார் தோள் என்று பார்த்து விலக முடியவில்லை. சாமிக்கு அது பிடித்துப்போய்விட்டது. மறுநாளும் அதே நேரத்தில் அடித்தார்.

இன்னொரு கதை, சாமிக்குத் தினமும் உச்சிவெயிலில் தலைவலி வரும், சத்தம் அடங்கட்டும் என்று செய்தார் என்பது. எங்களில் பாதிப் பேர் இதை நம்பினோம்.

கொட்டகை ஓட்டுக் கட்டடமாகி, பிறகு மாடி வந்து, பனைத் தண்டுகள் இருந்த இடத்தில் மணிக்கூண்டு எழும்பி, ஏரி சுருங்கி, சுற்றிலும் எஸ்டேட் தொழிற்சாலைகள் முளைத்தபோதும் வழக்கம் போகவில்லை. அது பள்ளிச் சுவரைத் தாண்டி ஊருக்குள்ளும் போயிருந்தது. டீக்கடையில் மாஸ்டர் தேநீரை உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார், மணி கேட்டதும் இரண்டு குவளைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். வாடிக்கையாளர் வெளியூர்க்காரராக இருந்தால் கோபித்துக்கொள்வார். உள்ளூர்க்காரர் என்றால், இவரும் மணி ஸ்கூல் என்று புரிந்துகொண்டு காத்திருப்பார். ஆவடித் தொழிற்சாலைக்கு மணியோசை எட்டாது. அங்கேயும் பன்னிரண்டு மணிக்கு லேத்திலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்கிறவர்கள் உண்டு என்று சொல்வார்கள். அவர்களிடம் எந்தப் பள்ளியில் படித்தாய் என்று ஃபோர்மேன் கேட்பதில்லையாம்.

1986-ல் பள்ளிக்கு அறுபது வயது. தலைமை ஆசிரியராக இருந்த பாதர் ஜேம்ஸ் வைரவிழாவுக்காக ஒரு காரியம் செய்தார். அந்த வருஷத்து வட்டார விளையாட்டுப் போட்டியை எங்கள் மைதானத்தில் நடத்த அனுமதி வாங்கினார். அறுபது வருஷத்தில் எங்கள் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் யாரையும் மாவட்டத்துக்கு அனுப்பியதில்லை. கேரம், கட்டுரைப் போட்டி, சிலுவைப்பாதை நாடகம், இவற்றில்தான் எங்கள் பெயர். இந்த முறை கஜபதி இருந்தான்.

கஜபதி பத்தாவது ஆ பிரிவு. மேனாம்பேட்டில் ஓர் அறை வீடு. அப்பா வேலை பார்த்த எஸ்டேட் கம்பெனி கதவடைத்து இரண்டு வருஷமாகியிருந்தது. அம்மா கண்ணம்மா ஊறுகாய்க் கம்பெனியில் எலுமிச்சை அறுத்தாள். பரீட்சை முடிந்த மறுநாள் அவன் சித்தப்பாவின் பட்டறையில் சேர வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. இதை அவன் துக்கமாகச் சொன்னதில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொல்வான். ஆனால் ஓட்டம் என்று வந்தால் அவன் வேறு ஆள். இரண்டு சுற்று ஓடும் நானூறு மீட்டரில், இரண்டாவது சுற்றின் பாதியில் மற்றவர்களின் தோள் இறுகும், முகம் கோணும். இவனுக்கு அப்போதுதான் கைகால்கள் தளர்ந்து, முகத்தில் ஒரு தூக்கக் களை வரும். அதோடு வேகம் கூடும்.

இதை முதலில் கவனித்தவர் டிரில் மாஸ்டர் பக்தவத்சலம். அவரும் மணி ஸ்கூல் மாணவர்தான். அவர்தான் கஜபதியின் அப்பாவிடம் போய்ப் பேசினார். வட்டாரத்தில் முதல் இரண்டு பேர் மாவட்டத்துக்குப் போவார்கள், மாவட்டத்தில் அரசு விளையாட்டு விடுதிக்காரர்கள் வந்து ஆள் பொறுக்குவார்கள், விடுதியில் சேர்ந்துவிட்டால் சாப்பாடு, துணி, பன்னிரண்டாவது வரை படிப்பு எல்லாம் சர்க்கார் பொறுப்பு என்று சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, முதல் இரண்டில் வரட்டும், பார்க்கலாம் என்றாராம். வராவிட்டால் பட்டறை.

அதனால் அந்த வருஷம் முழுக்க மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையில் கஜபதி மைதானத்தில் இருந்தான். மாஸ்டர் விசில் ஊதுவார், இவன் ஓடுவான். பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும். நிற்பான். மணி ஓய்ந்ததும் சாப்பிடப் போவான். ஒவ்வொரு நாளும் அவன் ஓட்டம் முடிந்தது மணியில்தான். இதில் என்ன இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

போட்டி நடந்த அன்று வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்கே எட்டுப் பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஆவடி குவார்ட்டர்ஸ் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எல்லாரும் ஒரே மாதிரி கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார்கள். பூந்தமல்லியிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் வெறுங்கால். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கொடி கட்டி, எல்லைக்கோட்டில் இழுத்துப் பிடிக்கச் சிவப்புக் கம்பளி நூல் வாங்கி வைத்திருந்தோம். நடுவர்கள், நேரம் பார்ப்பவர்கள் எல்லாரும் எங்கள் பழைய மாணவர்கள். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த மனோகரன் லீவு போட்டு வந்து, கழுத்தில் ஸ்டாப் வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுப் பெண்ணின் மாமாபோல அலைந்துகொண்டிருந்தார்.

நிகழ்ச்சி நிரலில் நானூறு மீட்டர் இறுதிப் போட்டி பதினொன்றேகாலுக்கு. பன்னிரண்டுக்கு உணவு இடைவேளை. ஆனால் சிறப்பு விருந்தினர் வர முக்கால் மணி நேரம் தாமதமாயிற்று. கொடியேற்றம் தள்ளிப்போக, அணிவகுப்பு தள்ளிப்போக, எல்லாம் தள்ளிப்போயிற்று. மழை வந்தால் எங்கே ஓடுவது, மைக் கெட்டால் யார் கத்துவது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்த பாதர் ஜேம்ஸுக்கோ மாஸ்டருக்கோ, அன்றைக்கு மட்டும் மணி அடிக்க வேண்டாம் என்று துலுக்கானத்திடம் சொல்லத் தோன்றவில்லை. மறந்துபோனார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. வெயிலைக் கொஞ்சம் நிறுத்து என்று யாராவது யாரிடமாவது சொல்வார்களா?

பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் துப்பாக்கி வெடித்தது.

முதல் சுற்றில் கஜபதி நான்காவதாக வந்தான். பூந்தமல்லிப் பையன் ஒருவன் எல்லாருக்கும் முன்னால் ஓடினான். ஹபிபுல்லா என்று பெயர், ஒல்லி, முழங்கால் உயரமாக எழும்பும் ஓட்டம், ஓடும்போதே பக்கத்தில் வருகிறவனைப் பார்த்துச் சிரிப்பான். அவன் பின்னால் ஆவடிக்காரன். இரண்டாவது சுற்றின் தூரத்துத் திருப்பத்தில் கஜபதியின் முகத்தில் அந்தத் தூக்கக் களை வந்ததை நாங்கள் கயிற்றுக்குப் பின்னால் இருந்தே பார்த்தோம். ஒருவனைத் தாண்டினான். ஆவடிக்காரனைத் தாண்டினான். கடைசித் திருப்பம் முடிந்து நேர்கோட்டுக்குள் நுழையும்போது ஹபிபுல்லாவின் தோளைத் தாண்டி அவன் தனியாக முன்னால் வந்தான். எங்கள் பக்கம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. எல்லைக்கோட்டில் எங்கள் ஒன்பதாவது வகுப்புப் பையன்கள் இருவர் சிவப்பு நூலை இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

மணி அடித்தது.

கத்தல் அறுந்துபோனதுபோல நின்றது. கஜபதி நின்றான். இரண்டு மூன்று எட்டு தடுமாறி, கைகள் பக்கவாட்டில் விழ, வேப்பமர நிழல் வெள்ளைக் கோட்டைத் தொடும் இடத்தில், எல்லைக்கோட்டைப் பார்த்தபடி நின்றான். நெஞ்சு மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அவன் இருபுறமும் ஹபிபுல்லாவும் ஆவடிக்காரனும் மற்றவர்களும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்து போனார்கள்.

நின்றது அவன் மட்டுமில்லை. நூல் பிடித்திருந்த பையன்கள் தலை தாழ்த்தினார்கள். நூல் தொய்ந்து தரையில் கிடந்தது. நடுவர்கள் மூவரும் கைகளைக் கோத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். மனோகரன் ஸ்டாப் வாட்சை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரில் மாஸ்டர் திருப்பத்தின் ஓரத்தில் வாயில் விசிலோடு நின்றார். மேடையில் பாதர் ஜேம்ஸ் குனிந்திருந்தார். சிறப்பு விருந்தினர் சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, தேசிய கீதம் என்று நினைத்து, விறைப்பாக எழுந்து நின்றார். எங்கள் நானூறு பேர் நடுவே மற்றப் பள்ளிப் பிள்ளைகள், யாரோ மந்திரம் போட்டுவிட்ட ஊருக்குள் வந்து மாட்டிக்கொண்டவர்கள்போலத் திருதிருவென்று விழித்தார்கள்.

கடைசி அடியின் கரகரப்பு ஓய்ந்தது. கஜபதி மறுபடி ஓடினான். ஆள் இல்லாத பாதையில், முழு வேகத்தில், கடைசி ஆளாக எல்லைக்கோட்டைத் தாண்டினான். ஆவடிப் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை.

மாஸ்டர் வந்து அவன் முன்னால் நின்றார்.

“ஏன்டா நின்ன?”

“மணி அடிச்சிது சார்.”

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். விசில் கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துக்கொண்டு, அவன் தலையில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

அதற்குள் எல்லைக்கோட்டில் தகராறு தொடங்கியிருந்தது. முதலில் வந்தது தான்தான் என்றான் ஹபிபுல்லா. தான்தான் என்றான் ஆவடிக்காரன். ஆவடிப் பள்ளி மாஸ்டர் ஜெயராமன் நடுவர்களைக் கேட்டார். நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேரம் என்ன என்று மனோகரனைக் கேட்டார். அவர் கையில் ஸ்டாப் வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நூல் அறுந்திருந்தால் யார் நெஞ்சில் இருக்கிறது என்று பார்க்கலாம். நூல் அறுபடாமல் மண்ணில் கிடந்தது. ஆவடிப் பிள்ளைகள் ஆவடி என்றார்கள். பூந்தமல்லிப் பிள்ளைகள் பூந்தமல்லி என்றார்கள். மற்றப் பள்ளிப் பிள்ளைகள் எங்களை வேடிக்கை பார்த்திருந்தார்கள்; எங்களில் கண்ணை மூடாதவர்கள் கஜபதியைத்தான் பார்த்திருந்தோம்.

பாதர் ஜேம்ஸ் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவர் காதருகே எங்கள் மாஸ்டர் விதியை எடுத்துச் சொன்னதை நாங்களும் கேட்டோம். நடுவர்களால் முடிவு சொல்ல முடியாவிட்டால் பந்தயத்தை மறுபடி நடத்த வேண்டும். கஜபதிக்கும் அது கேட்டது. தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். அந்த முகத்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அணைந்த அடுப்பில் ஒரு தணலைக் கண்டுபிடித்த முகம்.

அப்போதுதான் ஹபிபுல்லா அவனைக் கை காட்டினான்.

“தோ, இவன் நடுவுல கல்லு மாரி நின்னுகினு எங்களயே பாத்துகினு இருந்தான். இவன கேளுங்க சார்.”

எல்லாரும் திரும்பினார்கள். உண்மைதான். கஜபதி கிறிஸ்தவன் இல்லை. மணி அடிக்கும்போது கண்ணை மூடுகிறவன் இல்லை. எல்லைக்கோட்டுக்கு நேர் எதிரில் நின்றவன், இரண்டு பள்ளிக்கும் சேராதவன், அவன் ஒருவன்தான். மாஸ்டர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பந்தயம் மறுபடி நடக்கும். அதை அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாதர் ஜேம்ஸ் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. பார்த்தாயா என்று மட்டும் கேட்டார்.

கஜபதி மூக்கைத் துடைத்துக்கொண்டான். “பாத்தேன் பாதர்.” ஹபிபுல்லாவைக் கை காட்டினான். “இவன்தான் மொதல்ல போனான். ஆவடிக்காரன் ஒரு கை பின்னால.”

சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டான். மாஸ்டர் திரும்பி நின்றுகொண்டார். ஹபிபுல்லா முதல், ஆவடிக்காரன் இரண்டாவது என்று பாதர் சொன்னார். எங்கள் பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. பட்டறை, என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

பூந்தமல்லிப் பையன்கள் ஹபிபுல்லாவைத் தூக்க வந்தார்கள். அவன் பிடி கொடுக்கவில்லை. கஜபதியையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. தன்னைத் தாண்டிப் போன முதுகை அவனும் பார்த்திருந்தான் அல்லவா. அவன் தன் மாஸ்டரிடம் போய் ஏதோ சொன்னான். அவர் இவன் காதைத் திருகினார், கிடைத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கச் சொன்னார். அவன் காதை விடுவித்துக்கொண்டு நேராகப் பாதரிடமே வந்தான்.

“சாமி, நின்னுகினு கீறவன ஜெயிச்சேன்னு எங்க ஊர்ல போய் சொன்னா, நாளைக்கி புளியமரத்த ஜெயிச்சேன்னு சொல்லுவியான்னு கேப்பானுங்க. எங்க அத்தாவே கேப்பாரு. இன்னொரு தபா வுடுங்க.”

இதை எதிர்த்திருக்க வேண்டியவன் ஆவடிக்காரன். அவனுக்கு இரண்டாவது இடம் உறுதியாகியிருந்தது. ஆனால் ஒரு கை பின்னால் என்று சொன்னது அவனுக்குப் பொறுக்கவில்லை.

“எத்தினி தபா ஓடுனாலும் நான்தான் ஃபர்ஸ்ட்டு. வுடுங்க பாதர், இவனுங்க ரெண்டு பேரையும் காட்டறேன்.”

அவன் மாஸ்டர் ஜெயராமன் வேண்டாம் என்று தலையாட்டினார். அவன் பார்க்கவில்லை. பாதர் ஜேம்ஸ் ஓடிய மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டுத் தனித்தனியாகக் கேட்டார். தோற்றவர்களுக்கு ஆட்சேபம் என்ன இருக்கும்? மூன்று மணிக்கு மறுபடி ஓடலாம் என்று முடிவாயிற்று.

சாப்பாட்டு வேளையில் எலுமிச்சை சாதப் பொட்டலத்தோடு ஹபிபுல்லா வேப்பமரத்தடிக்கு வந்து கஜபதி பக்கத்தில் உட்கார்ந்தான். நாங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, மூன்று மணிக்கு வேறு ஏதாவது மணி உண்டா என்று கேட்டான்.

“வெள்ளிக்கெயம மட்டும்தான். ஏசு உயிர வுட்ட நேரமாம்,” என்றான் கஜபதி.

“இன்னைக்கி இன்னா கெயம?”

“வியாயன்.”

“பொயச்சேன்.” ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான். “நிக்கும்போது இன்னா நென்ச்சிப்ப?”

“ஒண்ணியும் இல்ல. காலு குறுகுறுங்கும். பக்கத்துல எவன் நிக்கறான்னு பாப்பேன்.”

“இன்னைக்கி பக்கத்துல எவனும் இல்ல.”

“ஆமா,” என்றான் கஜபதி. “அதான் ஒரு மாரி இருந்திச்சி.”

மூன்று மணிக்கு மைதானமே எழுந்து நின்றது. மனோகரன் இந்த முறை கண்ணை இமைக்கக்கூட மாட்டேன் என்பதுபோல எல்லைக்கோட்டில் குந்தி உட்கார்ந்திருந்தார். காலையில் ஒருமுறை முழுமூச்சாக ஓடிய கால்கள் எல்லாருக்கும் கனத்தன. முதல் சுற்று மந்தமாகப் போயிற்று. இரண்டாவது சுற்றில் ஆவடிக்காரன் கோபத்தில் சீக்கிரமே பாய்ந்துவிட்டான். கடைசித் திருப்பத்தில் அவன் தோள் இறுகியது. ஹபிபுல்லாவும் கஜபதியும் ஒன்றாக நேர்கோட்டுக்குள் வந்தார்கள். வேப்பமர நிழல் இப்போது வேறு பக்கம் விழுந்திருந்தது. ஆனாலும் கஜபதி அந்த இடத்துக்கு வந்தபோது எங்களுக்கு மூச்சு நின்றது. அவன் கால் ஒரு கணம் தயங்கியது என்று சிலர் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. ஹபிபுல்லா ஒரு தோள் முன்னால் போய் நூலை அறுத்தான். கஜபதி இரண்டாவது. ஆவடிக்காரன் வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. ஜெயராமன் போய் அவனை எழுப்பித் தண்ணீர் கொடுத்தார்.

“இப்ப சொல்லிக்கலாம்,” என்றான் ஹபிபுல்லா, மூச்சு வாங்கிக்கொண்டே. “நைனா, மரம்கூட ஓடுதுடா.”

அன்று மாலை பாதர் ஜேம்ஸ் துலுக்கானத்தைக் கூப்பிட்டனுப்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். மணிக்கூண்டு மைதானத்துக்கு முதுகு காட்டி இருக்கும். கீழே நடந்தது எதுவும் துலுக்கானத்துக்குத் தெரியாது. நடந்ததைக் கேட்டுவிட்டு, அப்படியானால் இனிமேல் விளையாட்டு நாளில் அடிக்க வேண்டாமா என்று அவர் கேட்டாராம். அதற்குப் பாதர், நிகழ்ச்சி நிரலை ஒழுங்காகப் போட வேண்டியது எங்கள் வேலை, நீ அடி என்றாராம்.

மாவட்டப் போட்டி நவம்பரில், செங்கல்பட்டில். முந்தின இரவு மழை பெய்து மைதானம் சதசதவென்றிருந்தது. எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பஸ்ஸில் போனோம். ஓடுகிறவர்கள் சிலர், கத்துவதற்கு நாங்கள். பஸ்ஸில் ஹபிபுல்லா தன் அத்தா அப்துல் முத்தலிப் பூந்தமல்லியில் தகரப் பெட்டி செய்கிறவர் என்றும், விடுதிக்குப் போகிறவர்களுக்கெல்லாம் அவர் பெட்டிதான் என்றும், கஜபதிக்கு வேண்டுமானால் மூடியில் ஓடுகிற குதிரை வரைந்து தரச் சொல்வதாகவும் அளந்துகொண்டே வந்தான். கஜபதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். விடுதியில் எடுக்காவிட்டால் பரீட்சைவரைகூடக் காத்திருக்காமல் தை பிறந்ததும் அவனைப் பட்டறைக்கு அனுப்பிவிடுவதாக அப்பா முதல்நாள் சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார்.

நானூறு மீட்டர் காலையிலேயே முடிந்தது. சேற்றில் ஹபிபுல்லாவின் உயர்ந்த முழங்கால் எடுபடவில்லை. ஆறாவதாக வந்தான், அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. கஜபதி மூன்றாவது. விடுதிக்காரர்கள் இரண்டு பேர் ஷாமியானாவின் கீழே மேஜை போட்டு உட்கார்ந்து, தங்களுக்குப் பிடித்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உயரம் அளந்தார்கள். கூப்பிட்டவுடன் வராதவனுக்கு விருப்பமில்லை என்று கணக்கு. எத்தனையோ பையன்கள் கூப்பிடும் முன்பே பஸ் ஏறிப் போய்விடுவார்கள், அவர்களுக்காகக் காத்திருக்க முடியாது என்று மைக்கிலேயே சொன்னார்கள்.

நாங்கள் ஷாமியானாவுக்குச் சற்றுத் தள்ளி நின்றோம். கஜபதி காலில் இருந்த சேற்றைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தான். ஹபிபுல்லா அவன் பக்கத்தில் நின்று தன் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான்.

மைதானத்தை ஒட்டியிருந்த ஏரிக்கு அப்பால் எங்கிருந்தோ ஒரு மாதா கோவில் மணி கேட்டது. மூன்று அடி. இடைவெளி.

எங்கள் மணி இல்லை அது. கனத்த, பிசிறில்லாத ஓசை. ஆனாலும் கஜபதி குழாயை மூடாமல், ஒரு கால் ஈரமாகவும் ஒரு கால் சேறாகவும், அப்படியே நின்றுவிட்டான். நாங்களும் நின்றோம்.

“அம்பத்தூர் வட்டாரம், கஜபதி,” என்றது மைக்.

மூன்று அடி. இடைவெளி. குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்களில் யாராவது கத்தியிருக்கலாம். ஓடிப்போய் அவனைத் தள்ளியிருக்கலாம். இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், எங்கள் யார் காலும் எழவில்லை.

“கஜபதி. இருக்கானா, போயிட்டானா?”

மேஜையில் இருந்தவர் பேனாவை எடுத்து அடுத்த பெயரைப் பார்த்தார். ஹபிபுல்லா பிழிந்த சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெற்று மார்போடு, சேற்றில் சறுக்கிக்கொண்டு மேஜைக்கு ஓடினான்.

“கீறான் சார். தோ நிக்கிறான் பாருங்க.”

“நின்னுகிட்டு என்ன பண்றான்? கூப்பிட்டா வரமாட்டானா?”

“வருவான் சார். அவங்க ஸ்கூல்ல அப்டிதான். மணி அடிச்சி முடியட்டும்.”

அந்த மனிதர் குழாயடியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். மணி இப்போது நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஹபிபுல்லா மேஜைக்கும் குழாயடிக்கும் நடுவே, யாரும் சொல்லாமலே, தான் இருந்த இடத்தில் நின்றான். ஒருமுறை திரும்பி, அவசரப்படாதே என்பதுபோலக் கஜபதிக்குக் கையைக் காட்டினான்.

மணி ஓய்ந்தது. கஜபதி குழாயை மூடிவிட்டு ஓடி வந்தான்.